மீன் கடைசியில வரட்டும்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணார். செங்கல்பட்டு பக்கம் 60 சென்ட் நிலம் வாங்கியிருக்காராம். அதுல பழைய குட்டை ஒண்ணு கிடக்காம். "ஐயா, அதுல மீன் விடலாம்னு இருக்கேன். எந்த மீன் நல்லது? குஞ்சு எங்க கிடைக்கும்?"னு கேட்டார்.

"குட்டையில இறங்கிப் பாத்தீங்களா தம்பி?"ன்னேன்.

"இல்லீங்கய்யா, கரையில நின்னுதான் பாத்தேன். பச்சைப் பசேல்னு தாமரை மாதிரி படர்ந்திருக்கு. பாக்க நல்லா இருக்கு"ன்னார்.

அந்த 'பாக்க நல்லா இருக்கு'ங்கற வார்த்தைதான் என்னை எழுத வச்சுது. அதே மாதிரி ஒரு குட்டை எங்க கொல்லையில கெடந்துச்சு. அதுல நாங்க ஒரே ராத்திரியில 500 மீன் குஞ்சைக் கொன்னிருக்கோம். வேணும்னு செய்யல. ஆனா செத்தது செத்ததுதானே.

நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். கைவிட்டுப்போன குட்டையில எடுத்த எடுப்புல மீனைக் கொண்டுபோய் விடாதீங்க. முதல்ல குட்டையைச் சரி பண்ணுங்க. மீன் கடைசியில வரட்டும். இதுல என்ன பெரிய விஷயம்னு தோணும். ஆனா ஊர்ல பாதிப் பேர் இதை மாத்தித்தான் செய்யறாங்க. படிச்சவங்களும் அப்படித்தான்.

எங்க ஊர் மன்னார்குடிக்குத் தெக்கே. இந்தப் பக்கம் பழைய வீடுகள்ல கொல்லைக்கு ஒரு குட்டை இருக்கும். யாரும் அழகுக்காக வெட்டினது இல்ல. வீடு கட்ட, தரையை மேடாக்க மண்ணு வேணும். கொல்லையில வெட்டி எடுப்பாங்க. அந்தப் பள்ளம்தான் குட்டை. எங்களது 10 சென்ட் இருக்கும். தாத்தா காலத்துல வெட்டினது.

அப்பா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் சித்திரையில குட்டையை இறைப்பாங்க. நான் சின்னப் பையனா இருந்தப்ப இறைகூடையில ரெண்டு ரெண்டு பேரா நின்னு இறைச்சது நல்லா நெனவு இருக்கு. தண்ணி முழங்காலுக்கு வந்ததும் தெருப் பசங்க எல்லாம் இறங்கிடுவோம். கலக்கி, கையால தடவி மீன் பிடிப்போம். இறைச்சவங்களுக்குப் பங்கு, பக்கத்து வீட்டுக்குப் பங்கு. மீன் முடிஞ்ச மறுநாள் மம்முட்டியோட சேத்துல இறங்குவாங்க. அள்ளுன வண்டல் மாட்டு வண்டியில வயலுக்குப் போகும். அப்புறம் ஆனியில வாய்க்கால்ல தண்ணி வந்தா குட்டை தானா ரொம்பிக்கும். தண்ணியோட மீனும் வந்துடும். யாரும் காசு குடுத்து மீன் வாங்கி விட்டது இல்ல.

இப்ப யோசிச்சா ஒண்ணு புரியுது. அந்த மீன்தான் குட்டையைத் தூர் வார்றதுக்குக் கூலி. மீன் ஆசை இல்லேன்னா அந்த வெயில்ல எவன் இறைப்பான்?

அப்புறம் ஒவ்வொண்ணா மாறிச்சு. வீட்டுக்குப் போர் போட்டோம், பாத்திரம் கழுவக்கூட குட்டைக்குப் போகலை. யூரியா மூட்டை வந்துச்சு, வண்டல் யாருக்கும் வேணாம். மீன் ஐஸ் பெட்டியில வாசலுக்கே வந்துச்சு. குட்டைக்கு இருந்த மூணு வேலையும் போச்சு. இறைக்கறதை நாங்க எந்த வருஷம் நிறுத்தினோம்னு எனக்கே சரியா சொல்லத் தெரியல. சண்டை போட்டு நிறுத்தல. ஒரு வருஷம் ஆள் கிடைக்கல, மறு வருஷம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்.

மிச்சம் இருந்ததை கஜா பாத்துக்கிச்சு. 2018 நவம்பர் 16 விடிகாலை அடிச்ச அந்தப் புயல்ல எங்க கொல்லையில 22 தென்னை விழுந்துச்சு. ஆறு மரம் நேரா குட்டைக்குள்ள. தோப்புல கெடந்ததையே அறுத்து அப்புறப்படுத்த மாசக்கணக்கா ஆச்சு. குட்டைக்குள்ள கெடந்ததை அப்படியே விட்டோம். மட்டையும் கீத்தும் பாளையும் உள்ளயே ஊறி அழுகிச்சு. மேல வெங்காயத்தாமரை மூடிச்சு. நீங்க ஆகாயத்தாமரைன்னு சொல்றீங்களே, அதேதான். ஊதாப்பூ பூத்து நிக்கும். கரையில நின்னு பாத்தா நல்லாத்தான் இருக்கும்.

கொரோனா நேரத்துல அண்ணன் பையன் சென்னையிலிருந்து வந்து ஊர்லயே உக்காந்து கம்ப்யூட்டர் வேலை பாத்தான். நல்ல பையன். சும்மா இருக்க மாட்டான். 2021 ஐப்பசியில ஒரு நாள், "சித்தப்பா, குட்டையில மீன் விடுவோமா?"ன்னான். எனக்கும் ஆசைதான். நான் நாலு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கணும். தடுக்கல. நாலு ஆளை விட்டு தாமரையை ஒரு ஓரமா இழுத்துத் தள்ளிட்டு, வண்டியில பை பையா வந்த கட்லா, ரோகு 500 குஞ்சைக் கொட்டினோம். அவன் வீடியோ எடுத்தான். எங்க வீட்ல மஞ்சள் தண்ணி தெளிச்சாங்க.

ரெண்டு நாள் ஒண்ணும் இல்ல. வானம் மூடிக்கெடந்துச்சு, வெயிலே இல்ல. மூணாம் நாள் விடிகாலை பால் கறக்கப் போனவன் பாத்தேன், குஞ்சு எல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறந்துட்டு நிக்குது. பையனை எழுப்பினேன். "பசிக்குது போல சித்தப்பா"ன்னு தவிடு எடுத்துட்டு வந்தான். அது பசி இல்ல, மூச்சுத்திணறல்னு எனக்கும் அப்ப தெரியல. ஏழு மணிக்கு வெள்ளை வெள்ளையா மெதந்துச்சு. கூடை கூடையா அள்ளி தென்னையடியில புதைச்சோம். பையன் அன்னிக்கு முழுக்க யார்கூடவும் பேசல. மறுநாள் சென்னைக்குப் போயிட்டான்.

ஏன் செத்துச்சுன்னு அப்புறம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். தண்ணிக்குள்ள இருக்கற பாசி பகல்ல வெயில் பட்டா காத்தை உண்டு பண்ணுது. ராத்திரியில அதே பாசியும் நம்மள மாதிரி மூச்சு விடுது. அடியில அழுகற மட்டையும் சேறும் அந்தக் காத்தைத் தின்னுக்கிட்டே இருக்கு. அதனால தண்ணியில காத்து ரொம்பக் குறைவா இருக்கற நேரம் விடிகாலை. ரெண்டு நாள் மேகமூட்டம்னா பகல் வரவும் இல்ல, ராத்திரி செலவு மட்டும் உண்டு. மேல தாமரை மூடியிருந்தா வெளிக்காத்தும் உள்ள போகாது. நாங்க 500 உசுரைக் கொண்டுபோய் மூச்சு இல்லாத ரூம்ல பூட்டிட்டோம்.

அதே குட்டையில விரால் இருந்துச்சு, அது சாகல. தேளியும் சாகல. இது பல பேரை ஏமாத்தும். "விரால் துள்ளுதே, தண்ணி நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்வாங்க. விராலும் தேளியும் மேல வந்து வெளிக்காத்தை நேரா குடிக்கற சாதி. தண்ணியில காத்து இல்லாட்டியும் தாங்கும். ஜிலேபியும் மோசமான தண்ணியில கெடக்கும். அதுங்க இருக்கறதை வச்சு கட்லாவுக்கு அந்த இடம் ஆகும்னு முடிவு பண்ணக்கூடாது.

மீன் செத்த பொங்கலுக்கு அண்ணன் வந்தார். குட்டை இன்னும் நாறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கரையில மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னு, "டேய், இதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்? கொசுதான் உற்பத்தியாகுது. மண்ணடிச்சுத் தூர்த்துட்டா ரெண்டு மனைக்கட்டு வரும். ஆளுக்கு ஒண்ணு"ன்னார்.

எனக்குக் கோவம் வந்துச்சு. ஆனா பதில் வரல. அவர் சொன்னதுல பொய் இல்லையே. நாறுது, கொசு இருக்கு, ஒண்ணுத்துக்கும் உதவல. நல்லா இருக்கற குட்டையைத் தூர்க்க யாருக்கும் மனசு வராது. முதல்ல கைவிடுவோம், அது நாறும், அப்புறம் நாறுதுன்னு சொல்லித் தூர்ப்போம். எங்க தெருவுல நாலு குட்டை இப்படித்தான் போச்சு. இப்ப அந்தத் தெருவுல ஒரு மழை பேஞ்சா தண்ணி வாசல்ல நிக்குது.

அண்ணன்கிட்ட, "ஒரு வருஷம் குடுங்கண்ணே"ன்னு மட்டும் சொன்னேன். ஒரு வருஷம்னு சொன்னது ரெண்டாச்சு. 2023 சித்திரையிலதான் கையில கொஞ்சம் காசு வந்துச்சு. என்ன செஞ்சேன்னு வரிசையா சொல்றேன். உங்க நிலத்துல குட்டை இருந்தா உதவும்.

முதல்ல இறைச்சோம். டீசல் இன்ஜின் ரெண்டு நாள் ஓடிச்சு. தண்ணி குறையக் குறைய விரால், கெளுத்தி, தேளி எல்லாத்தையும் பிடிச்சு சிமெண்டுத் தொட்டியில விட்டோம். ஜிலேபி மட்டும் ரெண்டு அன்னக்கூடை. ஒண்ணுகூட விரல் நீளத்துக்கு மேல இல்ல. அது முட்டையை வாயிலயே வச்சுப் பொரிக்கும், ஓயாம பெருகும், தீனிக்கு அடிச்சுக்கிட்டு எல்லாமே குட்டையா நின்னுடும். அதை விட்டுவச்சா புதுசா விடற மீனுக்கு எதுவும் மிஞ்சாது.

இறைக்க முடியாத குட்டைக்கு இலுப்பைப் புண்ணாக்கு போடுவாங்க. நம்ம பாட்டிமார் தலைக்குத் தேச்சாங்களே, அதேதான். ஒரு மீட்டர் ஆழத் தண்ணிக்கு சென்ட்டுக்கு 10 கிலோ கணக்கு. இருக்கற மீன் எல்லாம் செத்து மேல வரும். மூணு வாரம் கழிஞ்சா விஷம் போயி அதுவே எருவாகிடும். ஆனா விரால், கெளுத்தின்னு பார்க்காம எல்லாத்தையும் கொல்லும். அதனால முடிஞ்சா இறைங்க. சில பேர் பூச்சி மருந்தை ஊத்தி மீனைக் கொல்றாங்க. அது பாவம் மட்டும் இல்ல, முட்டாள்தனம். அந்தத் தண்ணி பக்கத்துக் கிணத்துக்குத்தான் போகும்.

அடுத்து ஜேசிபி. எட்டு மணி நேரம், மணிக்கு 1,200 ரூபாய். ஆறு தென்னந்தண்டும் வெளிய வந்துச்சு. அடியில முழங்கால் ஆழத்துக்குக் கருஞ்சேறு. கிளறினா அழுகின முட்டை நாத்தம். அந்த நாத்தம் அடிக்குதுன்னா அங்க மீன் வாழாதுன்னு அர்த்தம். சேத்தோட சேந்து சரக்குப் பாட்டில் ரெண்டு சாக்கு வந்துச்சு. வெறுங்காலோட யாரும் இறங்காதீங்க. சேத்தை ஈரத்தோட தென்னைக்குப் போடல. ஒரு மாசம் பரப்பிக் காயவச்சு அப்புறம்தான் போட்டேன். களிமண் அடி தெரிஞ்சதும் நிறுத்தச் சொல்லிட்டேன். அதுக்கும் கீழ தோண்டினா தண்ணி நிக்காது.

அப்புறம் ஒண்ணும் செய்யாம விட்டேன். இதுதான் கஷ்டமான வேலை. 20 நாள் கத்திரி வெயில்ல குட்டை காஞ்சுது. விரல் போற அளவுக்கு வெடிப்பு விட்டுச்சு. பாக்கறவங்க எல்லாம் "என்ன, சும்மா போட்டு வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. சும்மா இல்ல. வெடிப்பு வழியா காத்து உள்ள போயி, அழுகினது எல்லாம் மண்ணாகுது. அந்த வேலையை வெயில் காசு வாங்காம செய்யுது.

வெடிச்ச தரையில நீத்த சுண்ணாம்பு 15 கிலோ தூவினேன். சென்ட்டுக்கு ஒரு கிலோ போதும். எங்களது நாறின குட்டைங்கறதால கொஞ்சம் கூட. கரைச் சரிவிலயும் தூவணும். மூக்குல துணி கட்டிக்கிட்டு, காத்து அடிக்காத நேரத்துல போடுங்க. ஒரு வாரம் கழிச்சு சாணி 100 கிலோ அங்கங்க குவிச்சேன். புதுக் குட்டைன்னா இதுக்கு ரெண்டு பங்கு போடலாம். பல வருஷம் இலைதழை விழுந்த குட்டைக்கு ஏற்கனவே எரு அதிகம். அதுல மேலும் சாணியைக் கொட்டினா பழைய கதைதான் நடக்கும்.

அந்த வருஷம் மேட்டூர் அணை ஜூன் 12-ம் தேதி திறந்தாங்க. எங்க வாய்க்காலுக்குத் தண்ணி வர்றதுக்கு நாள் ஆகும். முதல்ல வர்ற தண்ணி வழியில கெடந்த குப்பையை எல்லாம் உருட்டிக்கிட்டு வரும். அதை ரெண்டு நாள் விட்டுட்டு, அப்புறம்தான் மடையைத் திறந்தேன். மடை வாயில நைலான் கொசுவலையை ரெண்டு மடிப்பா கட்டினேன். இல்லேன்னா ஜிலேபிக் குஞ்சு வந்துடும். பக்கத்து வயல்ல மருந்து அடிச்சா அந்த வாரம் தண்ணி விடக்கூடாது.

தண்ணி ரொம்பி 15 நாள் காத்திருந்தேன். தண்ணி இளம்பச்சையா மாறிச்சு. அதுக்கு எங்க ஆளுங்க ஒரு சோதனை சொல்வாங்க. முழங்கை வரைக்கும் கையை நேரா விடணும். உள்ளங்கை அப்பத்தான் மறையற மாதிரி இருந்தா தண்ணியில தீனி சரியா இருக்கு. உள்ளங்கை பளிச்சுன்னு தெரிஞ்சா தீனி இல்ல. மணிக்கட்டுலயே மறைஞ்சா பாசி அதிகம், விடிகாலையில ஆபத்து. கருவி ஒண்ணும் வேணாம், கை போதும்.

கை சரின்னு சொல்லியும் எனக்குப் பயம் போகல. பத்தே பத்து குஞ்சை வாங்கி வலைப்பையில போட்டு ரெண்டு நாள் குட்டையில கட்டி வச்சேன். ரெண்டு விடிகாலையும் போய்ப் பாத்தேன். பத்தும் உள்ளயே சுறுசுறுப்பா ஓடிச்சு. அப்புறம்தான் 250 விரலிக்குச் சொன்னேன். விரல் நீளம் வளர்ந்த குஞ்சு, அதான் விரலி. கட்லா 100, ரோகு 75, மிர்கால் 75. கட்லா மேல மேயும், ரோகு நடுவுல, மிர்கால் அடியில. ஒண்ணோட சோத்துல ஒண்ணு கை வைக்காது. முன்னாடி 500 விட்டது, தண்ணி நல்லா இருந்திருந்தாலும் அந்த இடத்துக்கு அதிகம்தான்.

பை வந்ததும் கவுக்கல. 20 நிமிஷம் பையோடவே மெதக்க விட்டேன். வாயை அவுத்து, குட்டைத் தண்ணியைச் சொம்பு சொம்பா ஊத்தினேன். அப்புறம் பையைச் சாய்ச்சுப் பிடிச்சேன். அதுங்களா நீந்திப் போச்சு.

மீன் செலவு ஆயிரம் ரூபாய்க்குள்ள. குட்டைச் செலவு ஜேசிபி, டீசல், ஆள்கூலி எல்லாம் சேர்த்து பதிமூணாயிரத்தைத் தாண்டிச்சு. மீன் விட்டதுக்கு அரை மணி நேரம். குட்டைக்கு மூணு மாசம். ஆனா யாராவது போட்டோ எடுக்கறதுன்னா அந்த அரை மணி நேரத்தைத்தான் எடுக்கறாங்க.

இதுலதான் எனக்கு வருத்தம். பக்கத்து ஊர்க் குளத்துல ஒரு தடவை வெளியூர் ஆளுங்க வந்து ஆயிரக்கணக்குல குஞ்சு விட்டாங்க. பேனர், மாலை, சாப்பாடு எல்லாம் நடந்துச்சு. மனசுல கெட்ட எண்ணம் இல்ல. ஆனா குளத்துல பாதி தாமரை, வரத்து வாய்க்கால்ல குப்பை. அடுத்த மாசம் அந்த மீன் என்னாச்சுன்னு கேக்க ஒருத்தரும் வரல. நகரத்துல பொறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் குளத்துல மீன் விடறதைப் புண்ணியம்னு நெனைக்கறவங்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்றேன். அந்தக் காசுல ரெண்டு மணி நேரம் ஜேசிபிக்குக் குடுங்க. இல்ல, ரெண்டு ஆளுக்குக் கூலி குடுத்து மடையைச் சுத்தம் பண்ணுங்க. போட்டோவுல சேறுதான் தெரியும். பரவாயில்ல.

இன்னொண்ணு. "எந்தத் தண்ணியிலயும் வளரும், சாகவே சாகாது"ன்னு சொல்லி ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தலையில கட்டப் பாப்பாங்க. மத்திய அரசு 2000-லயே தடை போட்ட மீன் அது. மழையில குட்டை வழிஞ்சா வாய்க்காலுக்குப் போயி, இருக்கற நாட்டு மீனை எல்லாம் தின்னுடும். அழுக்குத் தண்ணிக்கு ஏத்த மீனைத் தேடறது, தண்ணியைச் சுத்தம் பண்ணச் சோம்பல் பட்டு எடுக்கற முடிவு. அந்தச் சோம்பல்தானே குட்டையைக் கெடுத்துச்சு?

2024 சித்திரையில மறுபடி இறைச்சேன். 140 மீன் கிடைச்சுது, 80 கிலோ சுமார். மிச்சத்தை நீர்க்காகமும் மீன்கொத்தியும் பாம்பும் பங்கு போட்டிருக்கும். லாபம்னு பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. பாதியை வித்தேன், பாதி தெருவுக்குப் பங்கு. அப்பா குடுத்த அதே வீடுகளுக்குக் குடுத்தேன். ரெண்டு வீடு பூட்டிக் கெடந்துச்சு.

அண்ணன் குடும்பத்தோட வந்திருந்தார். பையனும் வந்தான். சேத்துல முதல்ல இறங்கினவன் அவன்தான். ஒரு கட்லாவை ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "சித்தப்பா, இது ஒரு கிலோ இருக்கும்"னு கத்தினான். அண்ணன் கரையில நின்னார். இந்தத் தடவை மூக்கைப் பொத்தல. மனைக்கட்டுப் பேச்சையும் எடுக்கல. அடுத்த வருஷம் எடுக்க மாட்டார்னு நான் நம்பல. நிலத்து விலை ஏறிக்கிட்டே இருக்கு, பாகம் இன்னும் பிரிக்கல. ஆனா அவர் கேக்கறப்ப அந்தக் குட்டை நாறக்கூடாது. என்னால செய்ய முடிஞ்சது அவ்வளவுதான்.

செங்கல்பட்டுத் தம்பிக்கு அன்னிக்கு நான் சொன்னது இதுதான்: "இந்த வருஷம் மீனை மறந்துடுங்க. தாமரையை எடுத்துட்டு, ஒரு நீளமான மூங்கிலைக் குட்டையில விட்டுப் பாருங்க. எவ்வளவு தண்ணி, எவ்வளவு சேறுன்னு அளந்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

நேத்து பண்ணினார். நாலடி தண்ணி, ரெண்டரை அடி சேறாம். "ஐயா, மூங்கிலை உருவினா பயங்கர நாத்தம்"னார். சித்திரைக்கு இன்ஜின் சொல்லி வைங்கன்னு சொல்லியிருக்கேன்.